பொடவுக்காரியின் கடைசி எட்டு அடி

பொம்மையை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். கையை எடுக்க வேண்டும். படம் பிடிக்க வேண்டும். மறுபடி ஒரு விரற்கடை. இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் திரையில் ஒரு நொடி ஓடும். முதல் நாள் இதைச் சொன்னபோது பெரும்பாறைப்பட்டிப் பிள்ளைகள் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் சாமைக் காட்டில் பயிர் எது, புல் எது என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் களை பிடுங்கிய விரல்கள் அவை. இரண்டாம் வாரமே என்னைவிட நன்றாகப் பொம்மை நகர்த்தினார்கள்.

நான் சென்னையில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் எட்டு வருடம் குப்பை கொட்டியவன். கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கிற மரங்களை வரைவதுதான் அங்கே என் வேலை. கம்பெனியை இழுத்து மூடியதும் முள்ளுக்குறிச்சிக்குத் திரும்பி வந்து அப்பாவின் மரவள்ளிக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். மலைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்களுடைய பழங்கதைகளை அவர்களே படமாக எடுக்க வேண்டும் என்றார்கள். சனியும் ஞாயிறும் பைக்கில் மலையேறினேன்.

பெரும்பாறைப்பட்டி திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மொத்தம் நாற்பது வீடு. ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிற ஏழு பேர் வகுப்புக்கு வந்தார்கள். என்ன கதை எடுக்கலாம் என்று கேட்டதும் ஏழு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். பொடவுக்காரி கதை.

மலையில் பாறை இடுக்கைப் பொடவு என்பார்கள். ஊருக்கு மேற்கே பெரிய பொடவு ஒன்று உண்டு. அதற்குள் இருப்பவள் பொடவுக்காரி. மழை பொய்த்துப்போன ஒரு வருடம் கீழேயிருந்து கொள்ளைக்காரர்கள் வந்து, இருந்த கொஞ்சம் தானியத்தையும் அள்ளினார்களாம். ஊர் அழுததைக் கேட்டு அவள் பாறையைத் திறந்து வெளியே வந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் ஒருவனும் மிஞ்சவில்லை. வந்தவர்கள் செத்தார்கள், சரி. ஆனால் வெளியே வந்தவளுக்குப் பசி அடங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். அப்போது ஏழு பெண்கள் சாமைக் கஞ்சி காய்ச்சி, அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு முன்னால் பின்புறமாகவே நடந்து, அடிக்கு ஒரு சொட்டுக் கஞ்சி ஊற்றி அவளைப் பொடவு வரைக்கும் கூட்டிப் போனார்கள். கடைசி எட்டு அடியை யாரும் பார்க்கக்கூடாது. எல்லாரும் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளாக உள்ளே போனாள், பாறை மூடியது, அன்றைக்கே மழை கொட்டியது.

தை மாத நோம்பித் திருவிழாவில் பூசாரி இந்தக் கதையைச் சொல்லி, ஒரு கல்லை நகர்த்தி நகர்த்திப் பொடவுக்குள் வைப்பார். ஆரம்பித்தால் முடிகிறவரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மழை வந்தால் நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். பூசாரி என்றதும் தாடியும் ஜடையுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மணிவண்ணனுக்கு முப்பத்தைந்து வயது. ஜீப் ஓட்டுகிறவர். மிளகு மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிக் கீழே போய் வருவார். படம் எடுக்கட்டுமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா எடுங்க சார். ஆனா ஆரம்பிச்சா முடிச்சுப்போடோணும். அவளை வெளிய நிறுத்திப்போட்டுப் போயிறக்கூடாது. அது ஒன்னுதானுங்க" என்றார்.

"அரைகுறையா வுடற பழக்கமே நமக்கு இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தப்பு என்னுடையதுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பொடவுக்காரி பொம்மையைச் செய்தது யமுனா. ஒன்பதாவது படிக்கிறாள், சென்றாயனுக்கும் ருக்குமணிக்கும் ஒரே பெண். புற்றுமண்ணைப் பிசைந்து, கம்பி மேல் அப்பி, சாண் உயரத்துக்கு அவள் செய்த பொம்மையைப் பார்த்தால் எனக்கே ஒரு கணம் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. வேறு யார் கையையும் அதன்மேல் பட விடமாட்டாள். மற்றவர்கள் கல்லை அடுக்கிப் பொடவு கட்டி, ஓடையிலிருந்து பச்சைப் பாசியைப் பெயர்த்து வந்து ஒட்டினார்கள். பாசி இரண்டு நாளில் காய்ந்துவிடும். கதையிலோ அவள் வெளியே வருவது பஞ்ச காலத்தில், உள்ளே போவது மழை வருகிற நேரத்தில். பச்சைப் பாசி இருக்கும்போதே உள்ளே போகிற காட்சியை முதலில் எடுத்துவிடலாம், பாசி காய்ந்த பிறகு வெளியே வருகிற காட்சியை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். சினிமாக்காரன் மூளை.

"வெளியவே வராம உள்ள போறது எப்படிங்க சார்?" என்று கேட்டாள் கோகிலா. அவள்தான் டேப்லெட்டில் படம் பிடிப்பவள்.

"சினிமாவுல அப்படித்தான் கண்ணு. எப்ப எடுத்தா என்ன, ஒட்டறப்ப வரிசையா ஒட்டிக்கலாம்."

யமுனா கொஞ்ச நேரம் கையை மடியிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு பொம்மையை நகர்த்தத் தொடங்கினாள். கடைசி எட்டு அடிக்குக் கோகிலா கண்ணை மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் காய்ந்த பாசியோடு முதல் காட்சியை எடுத்தோம். பாறை திறந்தது, பொடவுக்காரி வந்தாள். யமுனா மண்ணால் செய்து வைத்திருந்த வாய்களை ஒவ்வொன்றாக மாற்றி அவளைச் சிரிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும், நடுவில் வருகிற காட்சிகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டினோம். அன்றைக்கு எடுத்த கடைசிப் படத்தில் அவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மலையேறும்போது பைக்கின் முன்சக்கரமே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஐப்பசி மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்திருந்தது. ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கோகிலா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சார், யமுனாளுக்கு ஒடம்பு சரியில்லீங்க. திங்கக்கெழமையிலிருந்து காய்ச்சல்."

"ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

அவள் கல்லைப் பார்த்தாள். "எல்லை தாண்ட வேண்டாம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்களாமுங்க. உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க."

சென்றாயன் வீடு ஓட்டு வீடு. அறுத்த சாமைக் கட்டுகளை வெயிலில் போட வழியில்லாமல் உள்ளேயே அடுக்கியிருந்தார்கள். ஈரத்தாளின் புழுங்கிய வாசனை. பாதி வீட்டைக் கதிர்க்கட்டு அடைத்திருக்க, மீதி இடத்தில் கட்டில். கட்டிலில் யமுனா கண்ணை அரைகுறையாக மூடிக் கிடந்தாள். போர்வை வேகமாக ஏறி இறங்கியது. ஓடி வந்தவள் மூச்சு வாங்குவதுபோல இருந்தது, ஆனால் அவள் நான்கு நாளாக எழுந்திருக்கவே இல்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சென்றாயன் மூலையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அறுக்க ஒன்றும் இல்லை, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகத் தீட்டினார்.

ருக்குமணி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன ஞாயித்துக்கெழமை பொழுதோட எம்பொண்ணு கை கடைசியா என்ன செஞ்சுதுங்க?"

"எதைக் கேக்கறீங்கக்கா?"

"பொடவுக்காரிய வெச்சு என்ன செஞ்சுதுன்னு கேக்கறேன்."

"வெளிய... வெளிய வந்தாங்க" என்றேன். பொம்மையை 'வந்தாங்க' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன்.

ருக்குமணி கணவனைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டயா" என்றார். சென்றாயனின் கை நின்றது.

நான் உடனே வெளியே ஓடினேன். அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிப் பாறை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். நர்ஸ் நாகலட்சுமியைப் பிடித்தேன். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் வருவார். அந்த வாரம் ஒரு பிரசவத்துக்காகக் கீழே போயிருந்தார்.

"கடை மாத்திரை குடுத்துட்டு இருந்தாங்களா? சரி. ஒடம்பு மேல எங்கயாவது கருப்பாப் பொருக்கு இருக்குதான்னு பாருங்க சார். பீடி வெச்சுச் சுட்ட மாதிரி இருக்கும். காதுக்குப் பின்னால, கக்கத்துல, இடுப்புல."

பாறையிலிருந்து இறங்கிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ருக்குமணி மகளின் முடியை ஒதுக்கினார். இடது காதுக்குப் பின்னால் இருந்தது. மறுபடி பாறைக்கு ஓடினேன்.

"அப்பன்னா அது புல்லுக்காட்டுப் பூச்சி கடிச்சு வார காய்ச்சலுங்க. சாமை அறுக்கப் போனாளா? அதேதான். மருந்து இருக்குது. ஆனா மூச்சு வாங்கற அளவுக்குப் போயிருச்சுன்னா ஊட்டுல வெச்சிருக்கக்கூடாதுங்க. மத்தியானத்துக்குள்ள கீழ கொண்டாந்துருங்க. நான் டாக்டர்கிட்டச் சொல்லி வெக்கறேன்."

அப்போது மணி ஒன்பதரை. இறங்குவதற்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நான் போய்ச் சொன்னதை ருக்குமணி முழுக்கக் கேட்டார்.

"பூச்சி கடிச்சிருக்கும். நான் இல்லைங்கலை. நாங்களும்தான் அறுத்தோம். எங்களையெல்லாம் வுட்டுப்போட்டு இவளை மட்டும் ஏன் கடிச்சுது, இந்த வாரம் பாத்து ஏன் காய்ச்சல் வந்துச்சு? அதைத்தான் கேக்கறேன்."

"அக்கா, படத்துல அவங்க கடைசியா உள்ளதான் போறாங்க. பாருங்க." டேப்லெட்டை எடுத்து, இரண்டு காட்சியையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். பாறை திறந்தது, வந்தாள், சிரித்தாள். பிறகு பச்சைப் பாசிக்கு நடுவே உள்ளே போனாள், பாறை மூடியது. சென்றாயன் எட்டிப் பார்த்தார். ருக்குமணி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அது நீங்க ஒட்டுனதுங்க சார். கை செஞ்சது வேற. எம்பொண்ணு கை மொதல்ல உள்ள வெச்சுது, பொறவு வெளிய எடுத்துது. எடுத்த கை எடுத்தபடியே நிக்குது. இப்ப அவ உள்ள இருக்கறாளா, வெளிய இருக்கறாளா? நீங்களே சொல்லுங்க."

எட்டு வருடம் தொழில் பார்த்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே தெரியாது.

"ருக்கு, புள்ளை மூச்சு வாங்குது" என்றார் சென்றாயன். "கீழ போயிட்டு வந்து எதுன்னாலும் செஞ்சுக்கலாம்."

"எந்தம்பி அப்படித்தான் போனான்." அவர் குரல் உயரவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "ராசு, சார். எனக்கு நேர் எளையவன். ஒம்பது வருஷத்துக்கு முந்தி அவந்தான் பூசாரி. நோம்பியில கதை சொன்னான். நடுவால போன் வந்துச்சு, கெழங்கு லோடு நிக்குதுன்னு. முடிச்சுப்போட்டுப் போடான்னேன். வந்து முடிக்கறேன்னான். அம்பதாவது வளைவுல லாரியோட போயிட்டான். கதை கையில இருக்கறவங்க எல்லை தாண்டுனா அவளும் பொறத்தாலயே வருவா. இவளைக் கீழ கொண்டு போறீங்க. அந்த ஆஸ்பத்திரியில எத்தன ஊட்டுப் புள்ளைங்க படுத்திருக்கும்? அங்கிருந்து திரும்பி வர அவளுக்கு வழி தெரியுமா?"

எனக்கு அந்தம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அதே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது என்ற நினைப்பும் வந்து, எழுந்து போய் அதைச் சாத்தினேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயம் என்றால் பயம்தான். மகள் செத்துவிடுவாள் என்ற பயம் அவருக்கு என்னைவிட நூறு மடங்கு இருந்தது. அதற்கு மேலே இன்னொரு பயம் உட்கார்ந்திருந்தது.

கோகிலா போய் மணிவண்ணனைக் கூட்டி வந்தாள். அவர் ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். யமுனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"மணியண்ணா, நீங்க பூசாரி. கொண்டு போலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா அக்கா கேக்கோணுமில்லீங்க." அவர் ருக்குமணி பக்கம் திரும்பினார். "ஏனுங்கக்கா, எடுத்த கையே உள்ள வெச்சுப்போட்டா?"

"வெச்சுட்டா நானே தூக்கி வண்டியில போடறேன்" என்றார் ருக்குமணி. "பெத்தவ நானு. எனக்கு இவளைச் சாகக் குடுக்கோணும்னா இருக்குது?"

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து பொம்மையைக் கோகிலா அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தாள். பெட்டியைத் துண்டால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து கட்டிலுக்கருகில் வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். சென்றாயன் சுவரோரம் நான்கு கல்லை அடுக்கி மேலே ஒரு பலகைக்கல்லைச் சாய்த்தார். பொடவு ஆயிற்று. கட்டிலடியிலிருந்து அதுவரைக்கும் இரண்டு முழம். அளந்து பார்த்தேன். அடிக்கு ஒரு விரற்கடை வைத்தால் நாற்பது அடி.

"படமும் புடிங்க சார்" என்றார் ருக்குமணி. "வெளிய வந்தது படத்துக்குத்தானே வந்தா. படத்துக்கே உள்ள போவட்டும்."

யமுனாவைத் தூக்கித் தரையில் உட்கார வைத்தோம். சென்றாயன் பின்னால் உட்கார்ந்து மகளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். அவள் கண்ணைத் திறந்து பொம்மையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தச் சிரிப்போடுதான் இருந்தது.

"கண்ணு, ஒரு விரக்கடை நகத்தோணும். பழையபடிதான். முடியுமா?" என்றேன்.

"முடியுமுங்க சார்" என்றாள். உதடு வெடித்திருந்தது.

ருக்குமணி அடுப்பிலிருந்து கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்தார். பொம்மைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார். ஒரு சொட்டுக் கஞ்சியைத் தரையில் விட்டு, பாதத்தை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தினார். யமுனா நகர்த்தினாள். கையை எடுத்தாள். நான் அழுத்தினேன். டேப்லெட்டில் கிளிக் என்று சத்தம் வரும், அந்த வீட்டில் அது பெரிதாகக் கேட்டது. ருக்குமணி உதட்டுக்குள் ஒன்று என்றார். மறுபடி சொட்டு. மறுபடி விரல். இரண்டு.

பத்தாவது அடியில் யமுனாவால் கையைத் தூக்கி எடுக்க முடியவில்லை. தரையிலேயே இழுத்து நகர்த்தினாள். பதினைந்தில் பொம்மை சாய்ந்தது, அவளே நிமிர்த்தினாள். இருபதுக்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் வெளியே ஜீப் எஞ்சின் சத்தமும் ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் மட்டும் கேட்கும். போதும், நேராகத் தூக்கி உள்ளே வைத்துவிடு என்று கத்த வேண்டும்போல இருந்தது. மணி பத்தைத் தாண்டிவிட்டது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. அவள் நகம் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டாவது அடி முடிந்ததும் ருக்குமணி கிண்ணத்தைக் கீழே வைத்தார். இனி எட்டு அடி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். கதவருகே நின்ற மணிவண்ணன் வெளிப்பக்கம் திரும்பினார். சென்றாயன் மகளின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். படம் பிடிக்கிறவன் என்பதால் நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யமுனாவின் கை பொம்மையை நோக்கிப் போனது. பாதியிலேயே தரையில் விழுந்தது. விரல்கள் ஒருமுறை மடங்கி அப்படியே நின்றன. அவள் கண் மேலே செருகிக்கொண்டது. மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் அங்கே இல்லை.

கூப்பிட்டால் எல்லாரும் திரும்புவார்கள். அவள் விழித்தால்தான் கதை முடியும் என்பார்கள். அவள் எப்போது விழிப்பாள்? விழிப்பாளா? சுவரைப் பார்த்து நின்ற ருக்குமணி கிளிக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவர் கழுத்திலேயே தெரிந்தது.

நான் கையை நீட்டி அதைத் தொட்டேன்.

மண்பொம்மை சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். சூடாக இருந்தது. அத்தனை நேரம் காய்ச்சல்காரி கையில் இருந்தது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு விரற்கடை நகர்த்தினேன். அழுத்தினேன். "முப்பத்திமூனு" என்றது சுவர்ப்பக்கம். ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு எட்டு முறை அழுத்தியிருக்கலாம். ஏனோ முடியவில்லை. ஒவ்வொரு அடியாகவே வைத்தேன். கையை எடுக்க மறந்து, படத்தில் என் விரலும் விழுந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. அதன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று குனிந்துகொண்டேன். இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான். நாற்பது. பலகைக்கல்லை இழுத்து மூடினேன்.

"முடிஞ்சுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

ருக்குமணி திரும்பிய வேகத்தை என்னால் மறக்க முடியாது. மகளை வாரி எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறிவிட்டார். செருப்புக்கூடப் போடவில்லை. சென்றாயன் போர்வையோடு பின்னால் ஓடினார். எல்லைக் கல்லைத் தாண்டும்போது அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் மணிவண்ணன் ஹாரனை அழுத்தினார். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யமுனாவின் முகத்தை மட்டும் பார்க்காமல், ஜீப்பின் பின்னால் பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன வருகிறது என்று பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

கீழே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நேரம் என்பதுதான். ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் அவளுக்கு நினைவு வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தேன். அவள் செத்திருந்தால் அந்த நாற்பது படத்துக்குச் செலவான நேரம் என்னைக் கொன்றிருக்கும். பிழைக்காமல் போய், கடைசி எட்டு அடி யார் வைத்தது என்று ருக்குமணிக்குத் தெரிந்திருந்தால் அது வேறு மாதிரி கொன்றிருக்கும். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். ருக்குமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தயவுங்க சார், பொறுமையா உக்காந்து முடிக்க வெச்சீங்க" என்று அழுதார். அன்றைக்குச் சாயங்காலமே அந்த எட்டுப் படத்தையும் அழித்துவிட்டேன். விரல் விழுந்த படங்கள் அவை.

மூன்று வாரம் கழித்து, கார்த்திகை பிறந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை மறுபடி மலையேறினேன். ஊரெல்லாம் பாறை மேல் சாமை காய்ந்தது. ருக்குமணி வீட்டில் புதுச் சாமைச் சோறும் அவரைக்குழம்பும் போட்டார். மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வைத்தார். ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

யமுனா பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்து, கண் பெரிதாகியிருந்தது. டேப்லெட்டைக் கேட்டாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, கொடுத்தேன். மற்றவர்கள் உள்ளே புதிதாக ஒரு காட்டுப்பன்றி செய்துகொண்டிருந்தார்கள். பொடவுக்காரியை இனி எடுப்பதில்லை என்று ஏழு பேரும் அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"முப்பத்திரெண்டுதாங்க சார் இருக்குது."

"மெமரி நெறஞ்சுபோச்சு கண்ணு. மிச்சம் பதியலை. ஆனா நீ எல்லாம் வெச்சுட்டே. நாந்தான் பாத்தேனே."

அவள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கையை விரித்துப் பார்த்தாள். வலது கை.

"எனக்கு முப்பத்திரெண்டு வரைக்கும் நெனப்பு இருக்குதுங்க. அப்பறம் பொம்மைகிட்டக் கை போகவே இல்லீங்க. கனமா இருந்துச்சு."

உள்ளே கோகிலா யாரையோ கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லீராதீங்க சார். தாங்காது."

"சொல்லமாட்டேன்."

டேப்லெட்டை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்ட பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்னும் வல்லீங்களே சார்?"

"இல்ல கண்ணு. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். மூன்று வாரமாக விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் புறங்கையை என் நெற்றிப் பக்கம் கொண்டுவந்தாள். தொடவில்லை. பாதியிலேயே நிறுத்தி, கையை மடக்கி, மடிக்குள் வைத்துக்கொண்டாள்.